உண்மையைத் தேடிய எழுத்தாளர்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1859ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஆர்தர் கானன் டாயில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவம் பயின்றார். அங்கு ஜோசப் பெல் என்னும் ஆசிரியர், நோயாளியின் நடையையும் கைகளையும் கூர்ந்து நோக்கியே அவர்தம் தொழிலைக் கூறிவிடுவார். டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளருக்கு அவ்வாசிரியரே முன்மாதிரி ஆனார். 1887இல் வெளிவந்த முதற்கதையைத் தொடர்ந்து ஹோம்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது.

டாயில் கதையோடு நின்றுவிடவில்லை. பம்பாயிலிருந்து சென்ற பார்சி ஒருவரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி. இங்கிலாந்தில் வழக்கறிஞராக இருந்த அவர், இரவில் கால்நடையைக் காயப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1903இல் சிறை சென்றார். அவருடைய கண்பார்வை மிகவும் குன்றியது என்பதை டாயில் கண்டறிந்தார். இருளில் வயல்களைக் கடந்து அச்செயலைச் செய்திருக்க அவரால் இயலாது என நாளிதழில் எழுதி வாதாடினார். 1907இல் எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

1914இல் டாயில் 'அச்சத்தின் பள்ளத்தாக்கு' என்னும் புதினத்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். அமெரிக்கச் சுரங்கப் பள்ளத்தாக்கொன்றை அச்சுறுத்தும் இரகசியக் கொலைக் கூட்டத்தினுள் துப்பறிவாளர் ஒருவர் வேடமிட்டு நுழைவதை அது கூறுகிறது. பென்சில்வேனியாவின் அயர்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் மீதான வழக்குகளே அதற்கு அடிப்படை. அவ்வழக்குகளில் 1877 முதல் 1879 வரை 20 பேர் தூக்கிலிடப்பட்டனர். துப்பறிவாளரை அமர்த்திய நிலக்கரி, இரயில் நிறுவனங்களின் தலைவரே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பிலும் வாதிட்டார். எனவே, அவ்விசாரணை நேர்மையானதன்று என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். குறைந்த கூலியும் சுரங்க விபத்துகளும் தொழிலாளரை வாட்டின. ஆனால், எடல்ஜிக்காக மறைந்திருந்த உண்மையைத் தேடிய டாயில், இக்கதையைப் பெரிதும் துப்பறிவாளர் பக்கம் நின்றே எழுதினார்.

அதே காலத்தில் கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஆங்கிலேயரின் சுரங்கங்களுள் இறங்கிப் பாடுபட்டனர். அவர்தம் வாழ்வை மேலாளரின் ஏடுகளைக் கொண்டு மட்டும் எழுதினால், அவ்வரலாறும் குறையுடையதாகவே இருக்கும். இருதரப்பையும் கேட்டறிவதே நீதி.

டாயில் 1930ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மறைந்தார். அவர் படைத்த ஹோம்ஸ் இன்றும் வாழ்கிறார்.