ராம் நாத் சோப்ரா

சர் ராம் நாத் சோப்ரா (ஆகஸ்ட் 17, 1882 – ஜூன் 13, 1973) இந்திய மருத்துவரும் மருந்தியல் அறிஞரும் ஆவார். இந்திய மருந்தியலின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார். இந்தியாவில் மருந்துகளின் தரத்தையும் அவற்றின் விவரச்சீட்டுகளையும் (லேபிள்) ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்கு இவர் தலைமையிலான குழுவின் அறிக்கையே அடிப்படையாக அமைந்தது.

வாழ்க்கை

சோப்ரா இன்றைய பாகிஸ்தானிலுள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் கல்வி பயின்றார். 1908 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். 1921 இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். 1941 இல் சர் பட்டம் பெற்றார்.

ஆய்வுகள்

நாட்டு மூலிகைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து 1933 இல் ஒரு விரிவான நூலை வெளியிட்டார். சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை இவரது குழு காட்டியது. அபினி, கஞ்சா ஆகியவற்றுக்கு மக்கள் அடிமையாவதைப் பற்றியும் நீண்டகாலம் ஆராய்ந்தார்.

மருந்து விசாரணைக் குழு

1920களில் கலப்பட மருந்துகளும் வீரியம் குறைந்த மருந்துகளும் தடையின்றி விற்கப்பட்டன. மலேரியாவுக்குரிய குயினைனும் இதற்கு விலக்கல்ல. புட்டியின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பதை நோயாளி அறிய வழியில்லை. 1930 இல் அரசு சோப்ரா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மத்திய சட்டம், சோதனைக்கூடங்கள், மருந்தாளுநர் பதிவு ஆகியவற்றைக் குழு 1931 இல் பரிந்துரைத்தது.

மருந்துகள் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தமையால், நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு மாகாணங்களின் இசைவு தேவைப்பட்டது. மருந்துச் சட்டம் 1940 இலும் அதன் விதிகள் 1945 இலும் வந்தன. விதித்த முறையில் விவரச்சீட்டு இல்லாத மருந்தை விற்பது குற்றமாயிற்று.

அபினி வகை மருந்துகள்

மார்பின், கோடீன் போன்றவை வலியைத் தணிப்பவை, அடிமைப்படுத்தவும் வல்லவை. எனவே பிற்காலத் திருத்தங்கள் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளின் சீட்டில் என்ஆர்எக்ஸ் என்ற குறியைச் சிவப்பு நிறத்தில் அச்சிடப் பணித்தன. 2014 இல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் கோடீன், டிரமடால் ஆகியன இடம்பெற்றன. இம்மருந்துகளின் சீட்டில் சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை இருத்தல் வேண்டும். விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். இவ்விதிகளைப் பெரும்பாலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளே செயற்படுத்துகின்றன.

நினைவு

1983 இல் இந்திய அஞ்சல் துறை சோப்ராவின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.