ஸ்காலர்ஷிப் முடிஞ்சது, பத்திரிகை நின்றது: அம்பேத்கரின் வெளிநாட்டுப் படிப்பு சொல்லும் கதை

வெளிநாட்டில் ஜர்னலிசம் படிக்க ஸ்காலர்ஷிப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்போம். எவ்வளவு பணம், எந்த யுனிவர்சிட்டி, கடைசித் தேதி என்ன. படிப்பு பாதியில் இருக்கும்போது பணம் நின்றால் என்ன ஆகும்? திரும்பி வந்ததும் ஊர் எப்படி நடத்தும்? நாம் இங்கே தொடங்கி வைத்த வேலையை யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விகள் விண்ணப்பப் படிவத்தில் இருக்காது.

இந்த மூன்றையும் நேரில் சந்தித்தவர் அம்பேத்கர். சட்டமேதை அம்பேத்கரை எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையாளர் அம்பேத்கரையும், ஸ்காலர்ஷிப் மாணவர் அம்பேத்கரையும் அதிகம் பேசுவதில்லை. தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் இருக்கும் கந்தர்வக்கோட்டை மாதிரி ஓர் ஊரிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக மீடியா படிக்க வெளிநாடு போக நினைக்கும் ஒருவருக்கு, அவருடைய அந்த 14 ஆண்டுகள் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மாதம் 11.5 பவுண்ட், கூடவே ஒரு பாண்டு

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் அம்பேத்கர். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். மகர் என்ற தீண்டத்தகாத சாதியாக ஒதுக்கப்பட்ட குடும்பம். பள்ளியில் உட்கார வீட்டிலிருந்து சாக்குத் துணி கொண்டுபோக வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், அவர் வரவில்லை என்றால் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

1907-ல் மெட்ரிக் தேறினார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரை பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அறிமுகப்படுத்தினார். கல்லூரிப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார்.

1913-ல் அப்பா இறந்துபோன சில மாதங்களிலேயே பெரிய வாய்ப்பு வந்தது. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு பரோடா அரசின் ஸ்காலர்ஷிப். மாதம் 11.5 பவுண்ட், மூன்று ஆண்டுகளுக்கு. அந்த ஜூன் மாதம் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், பாண்டு.

பக்கத்திலேயே புலிட்சர் ஸ்கூல்

1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். சேர்ந்தது கொலம்பியா யுனிவர்சிட்டி. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற பணத்தில், அதே யுனிவர்சிட்டியில் ஜர்னலிசம் ஸ்கூல் தொடங்கப்பட்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. இன்று உலகம் முழுவதும் மீடியா மாணவர்கள் கனவு காணும் இடம் அது. ஆனால் அம்பேத்கர் அங்கே சேரவில்லை. அவர் எடுத்தது பொருளாதாரம். கூடவே வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவம் என்று கிடைத்த வகுப்பையெல்லாம் எடுத்தார். ஜான் டூயி, எட்வின் செலிக்மன் போன்றவர்கள் அவருடைய பேராசிரியர்கள்.

1915-ல் எம்.ஏ. 1916 மே மாதம், இந்தியாவில் சாதி எப்படி உருவாகி எப்படி இயங்குகிறது என்று ஒரு மானுடவியல் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். அப்போது வயது 25. அந்தக் கட்டுரை இன்றும் பல நாடுகளில் பாடமாக இருக்கிறது. அதே ஆண்டு இந்தியாவின் தேசிய வருமானம் பற்றிய ஆய்வேட்டையும் கொடுத்தார்.

ஆனால் பிஎச்.டி. உடனே கிடைக்கவில்லை. ஆய்வேட்டை அச்சிட்டு ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அன்றைய கொலம்பியா விதி. அச்சிடப் பணம் வேண்டுமே! 1916-ல் எழுதி முடித்ததற்கான பட்டம் 1927-ல்தான் கைக்கு வந்தது.

லண்டனில் பணம் நின்றது

1916 அக்டோபர் வாக்கில் லண்டன் போனார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரம், கிரேஸ் இன்னில் சட்டம், இரண்டுக்கும் பதிவு செய்தார். அதற்குள் ஸ்காலர்ஷிப் காலம் முடிந்துவிட்டது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டிய நிலை. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதி மட்டும் கையில் இருந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய பெட்டிகளும் புத்தகங்களும் கடலில் மூழ்கிப்போயின.

பாண்டுபடி நேராக பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். கொலம்பியாவில் எம்.ஏ. முடித்த அதிகாரிக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராவது நாள் காலை, கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

ஸ்காலர்ஷிப் கொடுத்த அரசு அவரை நியூயார்க் வரை கொண்டுபோக முடிந்தது. சொந்தத் தலைநகரில் ஒரு வாடகை அறை வாங்கித்தர முடியவில்லை. 10 ஆண்டு ஒப்பந்தம் அங்கேயே நொறுங்கிப்போனது.

பேராசிரியர் நடத்திய பேப்பர்

1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. லண்டன் படிப்பை முடிக்க சம்பளத்தில் பணம் சேர்க்கத் தொடங்கினார். அதே நேரத்தில் இன்னொரு வேலையும் தொடங்கியது. 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' என்ற மராத்திப் பத்திரிகை வெளிவந்தது. வாயில்லாதவர்களின் தலைவன் என்று பெயருக்குப் பொருள். மாதம் இருமுறை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அம்பேத்கர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் என்பதால், ஆசிரியர் பெயர் பாண்டுரங் நந்தராம் பட்கர் என்று போட்டார்கள்.

ஏன் தனிப் பத்திரிகை? அன்றைய மராத்தி இதழ்கள் பெரும்பாலும் உயர்சாதியினர் கையில் இருந்தன. புதுப் பத்திரிகை வருகிறது என்று பணம் கட்டி விளம்பரம் போடக் கேட்டும், 'கேசரி' இதழ் மறுத்துவிட்டது.

நம் ஊரிலும் இதே தேவை முன்பே எழுந்திருக்கிறது. சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 1893-லேயே 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசா தமிழன்' இதழைத் தொடங்கினார். தங்கள் செய்தியைத் தாங்களே எழுதினால்தான் வெளியே வரும் என்ற நிலைமை மராட்டியத்திலும் தமிழகத்திலும் ஒன்றுதான்.

படிப்பா, பத்திரிகையா?

இங்கேதான் சிக்கல். லண்டனில் விட்ட படிப்பைத் தொடர அனுமதித்த காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1920 ஜூலையில் அவர் கப்பல் ஏறினார். இந்த முறை முழு ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லை. சேமிப்பு, சாகு மகராஜின் உதவி, கொலம்பியா காலத்து நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன், இவ்வளவுதான்.

படிப்பு ஜெயித்தது. 1921-ல் எம்.எஸ்சி., 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் டி.எஸ்சி. ரூபாயின் மதிப்பைப் பற்றிய அவருடைய லண்டன் ஆய்வு புத்தகமாகவே வந்தது.

பத்திரிகை தோற்றது. பொறுப்பு ஞானதேவ் கோலப் என்பவரிடம் போனது. பணத்தட்டுப்பாடும் நிர்வாகத் தகராறும் சேர்ந்துகொண்டன. 1923 ஏப்ரலில் அம்பேத்கர் பம்பாய் திரும்பிய நேரத்தில் 'மூக்நாயக்' நின்றுபோயிருந்தது. வாயில்லாதவர்களுக்காகத் தொடங்கிய பேப்பர், தொடங்கியவர் ஊரில் இல்லாததால் மௌனமாகிவிட்டது.

அவர் போனது தவறு என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டங்கள் இல்லாமல் பின்னாளைய அம்பேத்கர் இல்லை. ஆனால் அந்தப் படிப்புக்கு ஒரு விலை இருந்தது. அவரோடு சேர்ந்து அவருடைய வாசகர்களும் அதைக் கொடுத்தார்கள்.

மஹாட் குளமும் இரண்டாவது பேப்பரும்

1927 மார்ச் 20 அன்று மஹாட் நகரத்துச் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பொதுக் குளம்தான். ஆனால் அவர்களுக்கு மட்டும் தடை. கூட்டம் கலையும்போது அவர்கள் மீது தாக்குதல் நடந்தது. சரியாக இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, 'பஹிஷ்கிருத் பாரத்' இதழ் வெளிவந்தது. ஒதுக்கப்பட்ட இந்தியா என்று பொருள்.

இப்போது அவர் அரசு ஊழியர் இல்லை, வக்கீல். ஆசிரியர் என்று தன் பெயரையே போட்டார். சம்பளம் வாங்காமல், பல இதழ்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அவரே எழுதினார். சந்தா போதவில்லை. 1929 நவம்பரில் இதுவும் நின்றது.

தண்ணீர் இன்னும் செய்தியாகத்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. அந்தப் பகுதி இளைஞர்கள் மீடியாவுக்கு ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை.

ஆசிரியர் லண்டனில், இதழ் பம்பாயில்

மூன்றாவது முயற்சியில் அவர் முறையை மாற்றினார். 1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு. அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் போயிருந்தார்கள். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 24 அன்று பம்பாயில் 'ஜனதா' இதழ் தொடங்கியது.

1920-ல் அவர் கப்பல் ஏறியதால் பேப்பர் தளர்ந்தது. 1930-ல் அவர் ஊரில் இல்லாதபோதே பேப்பர் பிறந்தது. காரணம், இந்த முறை பொறுப்பு தேவ்ராவ் நாயக் போன்ற தோழர்கள் கையில் இருந்தது. ஒரே ஆள் எழுதி, ஒரே ஆள் சுமக்கும் பேப்பராக அது இல்லை. 'ஜனதா' சுமார் 25 ஆண்டுகள் வந்தது. 1956 பிப்ரவரியில் 'பிரபுத்த பாரத்' என்று பெயர் மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் காலமானார்.

அடுத்தவர்களுக்கான கதவு

தனக்குக் கிடைத்த உதவியை அவர் மறக்கவில்லை. 1925-ல் வெளியான தன் கொலம்பியா ஆய்வு நூலை சயாஜிராவ் கெய்க்வாடுக்கே காணிக்கையாக்கினார். ஆனால் ஒரு மன்னரின் மனசை நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், பட்டியலின மாணவர்களின் உயர்கல்விக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். அதன் விளைவாக 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-45-ல் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடக்கிறது. 2022-ல் அதன் விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று விலக்கினார்கள். அதாவது, 1916-ல் நியூயார்க்கில் அம்பேத்கர் வாசித்த சாதிக் கட்டுரை மாதிரி ஒரு தலைப்போடு போனால், இந்த ஸ்காலர்ஷிப் கிடைக்காது.

விண்ணப்பிக்கும் முன் என்ன பார்க்கணும்?

பணம் எத்தனை மாதத்துக்கு, படிப்பு எத்தனை மாதத்துக்கு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

திரும்பி வரும் நிபந்தனையைப் படியுங்கள். உதாரணத்துக்கு, பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்பில் ஓராண்டு முதுகலை முடித்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கவே இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் பாடமும் தலைப்பும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே செக் பண்ணுங்கள். பொதுவாக மேல்படிப்பு என்று இருப்பதால் ஜர்னலிசமும் அதில் அடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசியாக, ஊரில் ஒரு யூடியூப் சேனலோ செய்திப் பக்கமோ நடத்துகிறீர்கள் என்றால், நீங்கள் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகள் அதை யார் பார்ப்பார்கள் என்று விசா எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் போதாது, செய்தி எடுக்கவும் எழுதவும் இரண்டு பேரையாவது பழக்கிவிட்டுப் போங்கள்.