சதுரங்க வீரர் சுல்தான் கான்

மாந்தர் பொழுதுபோக்கிற்கென வகுத்துக்கொண்ட ஆட்டங்களிலும் அவர்தம் வாழ்வின் சாயல் படிந்திருக்கக் காண்கின்றோம். எங்கள் ஆலங்குடியில் வேனிற்கால நண்பகலில் மரநிழலிலே கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவோரைக் கண்டிருக்கின்றேன். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. தனித்து நிற்கும் ஆடு புலிக்கு இரையாகும். ஒன்றையொன்று அணைந்து நிற்கும் ஆடுகளோ புலியையே அடைத்துவிடும். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கோ என்னும் ஆட்டமும் இத்தகையதே. குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள் செல்லும் அப்பலகையில் காய்கள் யாவும் ஒரு தன்மையன. அரசக் காயும் இல்லை. ஏவற் காயும் இல்லை. நிற்கும் இடமும் சேர்ந்த துணையுமே ஒரு காய்க்கு வலிமை தருவன.

நம் நாட்டுச் சதுரங்கமோ வேறு இயல்பினது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையால் அது பெயர் பெற்றது. அங்கே அரசன் அரசனே, காலாள் காலாளே. ஆயினும் காலாள் ஒருவன் தளராது முன்னேறிக் கடைசி வரிசையை அடைவானாயின் பெரிய காயாக உயர்வு பெறுவான். எளியோர்க்கென இவ்வாட்டத்தில் அமைந்த நம்பிக்கை இஃது ஒன்றே. அந்நம்பிக்கை பலகைக்குப் புறத்தே எவ்வளவு பலிக்கின்றது என்பதை மீர் சுல்தான் கானின் வாழ்வு நமக்கு நன்கு காட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பஞ்சாபில் மிட்டா திவானா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஒன்பதாம் வயதில் தந்தையாரிடம் சதுரங்கம் பயின்றார். அவர் பயின்றது இந்திய முறை. அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையிலோ இரண்டு கட்டம் தாவலாம். இன்னும் பல விதிகளும் வேறு. அவரது திறமையைக் கண்ட நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரைத் தம் இல்லத்திற் சேர்த்துக்கொண்டு ஐரோப்பிய முறையைப் பயிற்றுவித்தார். 1928ஆம் ஆண்டு அகில இந்தியப் போட்டியில் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமனாக்கி, தோல்வியே காணாது சுல்தான் கான் வாகை சூடினார்.

மறு ஆண்டு அப்பிரபு அவரை இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள ஆட்டக்காரர் இளமை முதலே தொடக்க நகர்வுகளை நூல்களிற் கற்றுத் தேர்ந்தவர். சுல்தான் கானுக்கோ அப்பயிற்சி மிகக் குறைவு. குளிரும் அவரை வருத்தியது; காய்ச்சலாலும் தொண்டை நோயாலும் அடிக்கடி துன்புற்றார். ஆயினும் 1929இல் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் வாகைப் பட்டம் அவரதாயிற்று. 1932இலும் 1933இலும் மீண்டும் அதனை வென்றார். 1930ஆம் ஆண்டு முடிவில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியிலே, முன்னாள் உலக வாகையரான கியூபா நாட்டுக் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். ஹாம்பர்க், பிராக், ஃபோக்ஸ்டன் ஆகிய நகரங்களில் நடந்த மூன்று ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்து ஆடினார். ஆளும் நாட்டின் அணிக்கு ஆளப்படும் நாட்டான் தலைநின்றான் என்பது எண்ணத்தக்கது அன்றோ? அதே இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் இளம்பெண்ணும் 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார்.

இத்துணைப் புகழ் பெற்றவர் ஆட்டம் முடிந்து எழுந்தபின் யாது நிலையில் இருந்தார்? அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி உண்டு. 1933இல் அமெரிக்க அணியினர் லண்டனில் அப்பிரபுவின் இல்லத்திற்கு விருந்தினராகச் சென்றனராம். ஆங்கே அவர்களுக்கு உணவு பரிமாறி நின்றவர் சுல்தான் கானே என்பது அவர் கூற்று. சுல்தான் கான் பணியாளராக இருந்தார் என்பதை அவர் குடும்பத்தார் மறுத்துள்ளனர். உண்மை எதுவாயினும், எந்நாட்டில் எந்நாளில் ஆடுவது என்பதை முடிவு செய்யும் உரிமை அவர் கையில் இருந்ததில்லை. பிரபு தாயகம் மீண்டபோது, 1933ஆம் ஆண்டு முடிவில், ஆற்றல் குன்றாத பருவத்திலேயே அவரும் மீண்டார். 1935இல் காதில்கருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றை மட்டும் சமனாக விட்டு, ஏனைய ஒன்பதிலும் வென்றார். அதன்பின் உலகம் அவரை மறந்தது. அவர் தம் ஊரிலே உழவுத் தொழில் செய்து வாழ்ந்தார். தம் மக்களுக்குச் சதுரங்கம் கற்பிக்க விரும்பாது, வேறு பயனுள்ள தொழிலை நாடுமாறு அறிவுறுத்தினார் என்பர். வென்ற கலையே வாழ்வு தராத வருத்தம் இதில் புலனாகின்றது.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. போலந்து நாட்டிற் பிறந்த ரூபின்ஸ்டைன் பழம்பெருமை கருதி அதனைப் பெற்றார். அந்த ரூபின்ஸ்டைனை 1931இல் பிராக் நகரில் வென்ற சுல்தான் கான் அன்று உயிருடன் இருந்தும் பட்டம் பெற்றிலர். 1966இல் சர்கோதாவில் மறைந்தார். 2024ஆம் ஆண்டிலேதான், மறைந்து 58 ஆண்டு கழிந்தபின், கௌரவப் பட்டம் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

பலகையின் மேல் காலாள் கடைசிக் கட்டத்தை மிதித்த அக்கணமே உயர்வு வந்து சேரும். அதனைத் தடுப்பார் இல்லை. உலக வாழ்விலோ, கடைசிக் கட்டத்தை எட்டியவனையும் காலாள் என்றே கருதும் கண்கள் பல. விதி ஆட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. வாழ்விலே அதனை எழுதவேண்டியவர் நாமே. கல்வியாலோ கலையாலோ உழைப்பாலோ முன்னேறி நம்மருகே வந்து நிற்பவனை, அவன் புறப்பட்ட கட்டத்தை நோக்காது, அடைந்த கட்டத்தை நோக்கி மதிக்கக் கற்போமாக. அம்மதிப்பை அவன் உயிரோடு இருக்கும் நாளிலேயே அளிப்பது நம் கடன்.