செம்பருத்தி ஏன் கறுத்தது?
கண்ணையும் காதையும் துருவித் துருவி ஆராய்ந்த சர் சி. வி. ராமன்

மேகமலையில் பொழுது சாய்கிற நேரம். சூரியன் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி, மேற்கே கேரள மலைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வீடு திரும்புகிறார்கள். வீட்டு வாசலில் ஒரு செம்பருத்திச் செடி.

மதியம் அந்தப் பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீயைப் போல எரிந்தது. பக்கத்தில் இருந்த இலையை யாரும் கவனிக்கவே இல்லை. இப்போது பாருங்கள். பூ கறுத்துப்போய்விட்டது. இலைதான் வெளிறித் தெரிகிறது!

பூ மாறவில்லை. இலையும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

கண்! பகலில் ஒரு விதமாகவும் இருட்டில் வேறு விதமாகவும் அது வேலை செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பது பெரிய கேள்வி. உலகமே புகழ்ந்த ஒரு விஞ்ஞானி, எழுபது வயதுக்கு மேல், ஓய்வாக உட்கார வேண்டிய காலத்தில் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவர்தான் திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன்.

ராமன் என்றால் நோபல் பரிசு என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லுவார்கள். அது சரிதான். ஆனால் அவருடைய வாழ்க்கை காதில் தொடங்கிக் கண்ணில் போய், கடைசியில் மறுபடியும் காதில் முடிந்த கதை. அது பலருக்குத் தெரியாது.

அப்பாவின் பிடில்

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7. தந்தை சந்திரசேகர அய்யர், கல்லூரி ஆசிரியர். கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் பிடில் வாசிப்பார். தாய் பார்வதி அம்மாள்.

ராமனுக்கு நான்கு வயது ஆகும்போது குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் போயிற்று. பிள்ளை படிப்பில் புலி. பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டான். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. இரண்டிலும் முதல் இடம்.

அந்த இளம் வயதில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர். காதில் விழும் ஓசை எப்படி இசையாகிறது என்று விளக்கும் புத்தகம் அது. தன் வாழ்க்கையை உருவாக்கிய புத்தகங்கள் மூன்று என்று ராமன் பின்னாளில் சொன்னார். ஒன்று புத்தரின் கதை. ஒன்று யூக்ளிடின் கணக்கு. மூன்றாவது இதுதான்.

அந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் சாதாரண ஆள் அல்ல. உடம்பில் ஒரு செய்தி நரம்பின் வழியாக எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று முதன்முதலில் அளந்தவர் அவர். அதற்கு முன் பலரும் அது மின்னலைப் போல ஓடுகிறது, அளக்கவே முடியாது என்று நினைத்திருந்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் கால் நரம்பை வைத்து அளந்தார். வினாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர்தான்! ரயிலோடு போட்டி போடும் வேகம். இது 1850-ல் தெரிந்த சங்கதி. மறு ஆண்டே, உயிரோடு இருக்கும் மனிதனின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியையும் அவர் செய்துவிட்டார். கண் டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துவது அந்த வழிதான்.

இந்த மனிதரைத்தான் ராமன் மனத்தில் குருவாக வைத்துக்கொண்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கணக்கு ஆபீஸும் ஆராய்ச்சியும்

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போயிருக்க வேண்டியவர். ஆனால் உடம்பு ஒட்டி உலர்ந்து இருந்தது. அந்த நாட்டுக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராமன் அரசாங்க நிதி இலாகா பரீட்சை எழுதினார். அதிலும் முதல்!

1907-ல் கல்யாணம். மணப்பெண் லோகசுந்தரி. அவர் வீணை வாசித்ததைக் கேட்டுத்தான் ராமன் மனத்தைப் பறிகொடுத்தார் என்று சொல்வார்கள். அந்த ஆண்டே கல்கத்தாவில் பெரிய உத்தியோகம். பத்தொன்பது வயது கூட நிரம்பவில்லை.

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் தொடங்கிய சங்கம் அது. உள்ளே கருவிகள் தூசி படிந்து கிடந்தன. ராமன் அங்கேயே ஒட்டிக்கொண்டார். விடிந்ததும் அங்கே. பிறகு ஆபீஸ். மாலையில் மறுபடியும் அங்கே. இரவு நெடுநேரம் கழித்துத்தான் வீடு. அசுதோஷ் டே என்ற உதவியாளர்தான் துணை.

முதலில் எடுத்துக்கொண்டது பிடில், வீணை, தம்புரா. அப்பாவின் பிடிலும் மனைவியின் வீணையும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பத்து ஆண்டுகள் இப்படி ஓடின. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் ஏறக்குறையப் பாதி. ராமன் யோசிக்கவில்லை. அரசாங்க வேலையை உதறிவிட்டுப் போனார்.

மிருதங்கம் பேசியது

வெறும் தோலைத் தட்டினால் வருவது சத்தம். அது இசை ஆகாது என்று மேல்நாட்டு விஞ்ஞானம் சொல்லியது. ஏன்? ஒரு தந்தியை மீட்டினால் ஒரு ஸ்வரத்தோடு அதற்கு இசைந்த மேல் ஸ்வரங்களும் வரும். தோலில் அப்படி வராது. ஒன்றோடு ஒன்று சேராமல் கலகலத்துப் போகும்.

ஆனால் மிருதங்கத்தில் வலது பக்கத்தைத் தட்டினால் சுருதி சுத்தமாகக் கேட்கிறதே? அது எப்படி?

காரணம் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். மிருதங்கம் கட்டுகிறவர்கள் அதைச் சாதம் என்பார்கள். கல்பொடியையும் சோற்றையும் குழைத்துப் பொறுமையாகத் தேய்த்துப் போடுவது. அந்தக் கனம் தோலின் அதிர்வை ஒழுங்கு செய்கிறது. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவினால், அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோலம் போடும். அந்தக் கோலங்களை வைத்து ராமன் இதை நிரூபித்தார். முதல் செய்தி 1920-ல் வந்தது. விரிவான கட்டுரை 1934-ல். நம் ஊர் மிருதங்கம் கட்டும் தொழிலாளிகள் பெயர் தெரியாத விஞ்ஞானிகள் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

சரி, அந்த ஓசை காதுக்குள் போய் என்ன ஆகிறது? காற்றின் அதிர்வு செவிப்பறையில் மோதுகிறது. செவிப்பறையும் ஒரு சின்ன மிருதங்கத் தோல்தான். அதற்குப் பின்னால் மூன்று பொடி எலும்புகள். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புகள் இவை. அவை அதிர்வை உள்ளே தள்ளுகின்றன. உள்ளே நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஒரு குழாய். அதில் நீர். நீருக்குள் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. கீச்சுக் குரலுக்குக் குழாயின் வாசல் பக்கம் அசையும். கட்டைக் குரலுக்குச் சுருளின் கடைக்கோடி அசையும்.

மயிர் வளைந்ததும் சின்ன மின்சாரத் துடிப்பு ஒன்று பிறக்கிறது. நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. கவனியுங்கள். மூளைக்குப் போவது சத்தம் அல்ல, துடிப்பு மட்டும்தான். கண்ணிலிருந்து போவதும் அதே மாதிரித் துடிப்புதான். காது நரம்பில் வந்தால் மூளை அதைப் பாட்டு என்கிறது. கண் நரம்பில் வந்தால் வெளிச்சம் என்கிறது.

கடலின் நீலம்

1921-ல் ராமன் இங்கிலாந்துக்குப் போனார். எந்த நாட்டுக் குளிர் அவரைக் கொன்றுவிடும் என்றார்களோ அதே நாடு! லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுரத்துக்குள் வட்டமான சுவர் ஒன்று உண்டு. ஒரு கோடியில் கிசுகிசுத்தால் எதிர்க் கோடியில் கேட்கும். அங்கேயும் போய்க் காதை வைத்தார்.

அந்தப் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணைப் பறித்தது. வானத்தின் நிழல்தான் கடலின் நீலம் என்று பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். ராமன் சட்டைப்பையில் ஒரு பளிங்குத் துண்டு வைத்திருந்தார். அதன் வழியாகப் பார்த்தால் தண்ணீரின் மேல் பளபளக்கும் வான நிழல் மறைந்துவிடும். பார்த்தார். நிழல் போயிற்று, நீலம் போகவில்லை. முன்னைவிட அழகாகத் தெரிந்தது! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுகொண்டார். மேகமலை விளிம்பில் நின்று மேற்கே பார்த்தால் தூரத்து மலைகள் நீலமாகத் தெரிகின்றன அல்லவா? அங்கே ஒளியைச் சிதறடிப்பது காற்று.

மீதிக் கதை ஊரறிந்தது. 1928-ல் அவரும் மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிதறி வந்த ஒளியில் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. அந்த மங்கிய மாற்றத்தை முதலில் கண்டது எந்த இயந்திரமும் அல்ல. இருட்டறையில் பழகிய மனிதக் கண்! பிப்ரவரி 28-ல் அது உறுதியாயிற்று. 1930-ல் நோபல் பரிசு. ஆசியாவில் விஞ்ஞானத்துக்காக அதைப் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

தன் கண்ணுக்குள் பார்த்தவர்

1933-ல் பெங்களூருக்கு வந்தார். 1948-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்துக்கொண்டார். 1954-ல் பாரத ரத்னா. நிலையத்தைச் சுற்றி மரங்களும் ரோஜாச் செடிகளும் வைத்தார். அந்த ரோஜாக்களே அவரைப் பழைய கேள்விக்கு இழுத்துக்கொண்டு போயின. நிறம் என்பது என்ன?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கு எப்போதோ பதில் எழுதியிருந்தார். கண்ணில் மூன்று வகை உணர்வுதான் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம். மற்ற நிறமெல்லாம் இவற்றின் கலப்பு. இது தவறு என்றார் ராமன். வாலிபத்தில் குருவாகக் கொண்டவரையே கிழ வயதில் எதிர்த்து நின்றார்!

அவர் செய்த சோதனை மிக எளியது. வெளிச்சமான வெள்ளைத் திரை. கண்முன் ஒரு நிறக் கண்ணாடி. ஒரே இடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார். சட்டென்று கண்ணாடியை எடுத்துவிடுவார். திரையில் ஓர் உருவம் தோன்றி மறையும். அது தன் விழித்திரையின் படமே என்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவி வைத்துப் பிறர் கண்ணுக்குள் பார்த்தார். ராமன் கருவியே இல்லாமல் தன் கண்ணுக்குள் பார்த்தார். மஞ்சள் கலப்பு நிறம் அல்ல, அது தனி உணர்வு என்று வாதாடினார். பூக்கள், இலைகள், ரத்தினங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். 1968-ல் இதையெல்லாம் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது.

உலகம் ஏற்கவில்லை.

1964-லேயே அமெரிக்காவில் விழித்திரையின் தனித்தனிச் செல்லில் ஒளியைப் பாய்ச்சி அளந்துவிட்டார்கள். மூன்று வகைதான் இருந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பக்கம்தான் நியாயம். அளந்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்கு வைட்டமின் ஏ எவ்வளவு அவசியம், அது குறைந்தால் மாலைக்கண் ஏன் வருகிறது என்பதை விளங்க வைத்தவரும் இவர்தான்.

செம்பருத்தி கறுத்ததற்கும் இப்போது காரணம் தெரியும். விழித்திரையில் கூம்பு செல்கள் ஏறக்குறைய 60 லட்சம். பகலில் நிறம் காட்டுவது இவை. தண்டு செல்கள் ஏறக்குறைய 12 கோடி. இருட்டில் பார்ப்பது இவை. தண்டுக்கு நிறம் தெரியாது. சிவப்பு ஒளி அதற்கு உறைக்கவே உறைக்காது. பச்சை ஒளி கொஞ்சம் உறைக்கும். அதனால்தான் அந்தியில் பூ கறுத்து இலை வெளுக்கிறது. இத்தனை கோடிச் செல்களின் செய்தியும் சுருங்கி, சுமார் பத்து லட்சம் இழைகள் கொண்ட ஒரே நரம்பில் மூளைக்குப் போகிறது. இப்படித் தண்டு, கூம்பு என்று வேலையைப் பிரித்துச் சொல்லும் விளக்கத்தையும் ராமன் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று. மஞ்சள் தனியாகத் தெரிகிறது என்று அவர் சொன்னது வீண் பிடிவாதம் அல்ல. கூம்புகள் மூன்று வகையானாலும், அவற்றின் செய்தி நரம்பில் ஏறும்போது வேறு விதமாகப் பிரிகிறது. சிவப்புக்கு எதிர் பச்சை. நீலத்துக்கு எதிர் மஞ்சள். இப்படி ஜோடி ஜோடியாக மூளைக்குப் போகிறது. ராமனின் கண் கண்டது மெய். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

ராமன் அதோடு ஓயவும் இல்லை. ஆண்டுதோறும் காந்தி ஜெயந்தி அன்று அவர் பெங்களூரில் ஒரு சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். 1970 அக்டோபர் 2-ந் தேதியும் மேடை ஏறினார். எடுத்துக்கொண்ட விஷயம் காது! ஓசையை அது எப்படி உணர்கிறது என்று பேசினார். பிடில் வாசித்த அப்பாவின் பிள்ளை, ஹெல்ம்ஹோல்ட்ஸின் முதல் புத்தகத்துக்கே திரும்பி வந்துவிட்டார்.

சில வாரங்களில் ஆராய்ச்சிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருக்க மனம் இல்லை. தன் தோட்டத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். நவம்பர் 21-ந் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது 82. அந்தத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. சமாதி எதுவும் கட்டவில்லை. அவர் விரும்பியபடி அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.