பிள்ளைகளின் கல்லடைப்பும் குர்துபாவின் மருத்துவரும்

கல்லடைப்பு பெரியவர்களுக்குத்தான் வரும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது அப்படியல்ல என்று எழுதிவைத்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி.

ஸ்பெயினின் குர்துபா நகரையொட்டிய மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 வாக்கில் பிறந்தார்; அன்ஸாரி வழிவந்தவர். தம் மருத்துவ அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாக நூலாகத் தொகுத்தார். அதன் இறுதிப் பாகம் அறுவை சிகிச்சைக்கானது. கருவிகளின் படங்களும் அதில் உண்டு. 1013 வாக்கில் மறைந்தார்.

சிறுநீர்ப்பைக் கல் பெரும்பாலும் சிறுவர்களுக்கே வருவதை அவர் குறித்தார். சிறுநீர் தண்ணீராக வெளுத்திருக்கும், அதில் மணல் தெரியும், பிள்ளை பிறப்புறுப்பை அடிக்கடி கசக்கும் என்று அடையாளங்களும் சொன்னார். விரலால் தடவிக் கல்லை உறுதிசெய்த பிறகே கத்தியை எடுப்பார். கல் பெரிதாக இருந்தால் காயத்தை அகலமாக்காமல் உள்ளேயே உடைத்து எடுக்கச் சொன்னார். அகலக் கிழித்தால் உயிர் போகலாம், அல்லது ஆயுளுக்கும் சிறுநீர் ஒழுகலாம் என்ற கவலை அவருக்கு. சிறுநீர்ப் பாதையில் சிக்கிய கல்லை மெல்லிய துளைக்கருவியால் பொடியாக்கினார். நோயாளி பெண்ணாக இருந்தால் கைதேர்ந்த பெண் மருத்துவரைத் தேடச் சொன்னார்.

12-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாகம் லத்தீனுக்குப் போனது. ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தனர்.

இன்று கல்லைக் காட்ட ஸ்கேன் இருக்கிறது. சிறிய கல் பெரும்பாலும் தானே வெளியேறும். பெரியதை அதிர்வலையாலோ மெல்லிய குழாய்க் கருவியாலோ உடைத்து எடுக்கிறார்கள். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் அன்றுபோல் இன்றும் வீட்டார்தான். காரைக்கால் வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை போதிய தண்ணீர் குடிக்கிறதா? பள்ளிக் கழிப்பறைக்குப் போகத் தயங்கி, தண்ணீரையே தவிர்க்கிறதா? அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனியின் உப்பையும் குறைப்போம். கல்லில் கால்சியம் இருக்கிறது என்று பயந்து பாலை நாமாக நிறுத்த வேண்டாம்.

விலாவிலோ வயிற்றிலோ வலி, சிறுநீரில் இரத்தம், வாந்தி இருந்தால் மருத்துவரிடம் காட்டுவோம். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே வராமல் நின்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் கல்லுக்குப் பிறவிக் காரணமும் இருக்கலாம். எனவே கல் வெளியேறியதோடு விடாமல், கல்லையும் சிறுநீரையும் பரிசோதிக்கக் கேட்பது நம் பொறுப்பு.