விண்ணில் கண் வைத்த வித்தகர் லைமன் ஸ்பிட்சர்

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானி ஒன்று உண்டு. அதன் மெல்லிய பிளவின் வழியே வரும் ஒளிக்கோட்டைக் குறுக்குக் கம்பியின்மேல் நிறுத்தி அளவெடுக்க வேண்டும். மேசையில் யாரேனும் முழங்கை ஊன்றினால் போதும். எடுத்த அளவெல்லாம் வீண். ஒரு மாலை மூன்று முறை அவ்வாறு வீணாகிச் சலித்து அமர்ந்திருந்தபோது, நூலகத்தில் படித்த லைமன் ஸ்பிட்சரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. மேசையே இல்லாத விண்வெளியில் தொலைநோக்கியை நிறுத்த எண்ணியவர் அவர்.

ஸ்பிட்சர் 1914 சூன் 26-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜில் ஓராண்டு பயின்றார். 1938-இல் பிரின்ஸ்டனில் முனைவரானார். போர்க்காலத்தில் சோனார் ஆய்வில் ஈடுபட்டார்.

1946-இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். காற்று மண்டலம் விண்மீனின் உருவைக் கலங்கச் செய்கிறது. புற ஊதாக் கதிர்களை வழிமறிக்கிறது. ஆகவே தொலைநோக்கியைக் காற்றுக்கு மேலே வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 32. ஸ்புட்னிக் பறக்கவே இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன!

மறு ஆண்டு பிரின்ஸ்டன் வானாய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1951-இல் அணுக்கருப் பிணைவுக்காக ஸ்டெல்லரேட்டர் என்னும் கருவியை வகுத்தார். மலையேற்றத்திலும் வல்லவர். 1965-இல் கனடாவின் பாஃபின் தீவிலுள்ள தோர் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய இருவருள் அவர் ஒருவர்.

விண்கலத்துக்கு ஊன்றி நிற்கத் தரையில்லை. உள்ளே ஒரு கனத்த சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றினால், கலம் மறுபக்கம் திரும்பும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் கோண உந்தம் மாறா விதிதான் இது. 1972-இல் ஏவப்பட்ட கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோளில் ஸ்பிட்சர் குழுவின் 80 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருந்தது. பிளவின் விளிம்பில் பட்டுத் திரும்பும் விண்மீன் ஒளியே, கலம் எவ்வளவு விலகியது என்பதைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் மேசையில் தொல்லை தரும் அதே பிளவு, அங்கே வழிகாட்டியாயிற்று!

பெரிய தொலைநோக்கிக்கான நிதியை 1974-இல் நாடாளுமன்றக் குழு வெட்டியது. ஸ்பிட்சரும் ஜான் பாகாலும் உறுப்பினர்களை நேரில் கண்டு வாதாடினர். 1977-இல் ஒப்புதல் கிடைத்தது. 1990 ஏப்ரல் 24-இல் ஹப்பிள் விண்ணேறியது. சுழல்காட்டிகள் அசைவை உணர, கணிப்பொறி பிழையைக் கணக்கிட, சக்கரங்கள் திருத்தின. 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு ரூபாய் நாணயத்தைவிட்டுக் குறி விலகாத நுட்பம் அது.

ஆயினும் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது, படங்கள் மங்கின. நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போதெல்லாம் சூரிய மின்தகடுகள் நடுங்கின. பொறியாளர்கள் அந்நடுக்கத்தை ஆராய்ந்து, கட்டுப்பாட்டு நிரலைத் தரையிலிருந்தே திருத்தி அனுப்பினர். 1993 திசம்பரில் விண்வெளி வீரர்கள் தகடுகளை மாற்றி, ஆடியின் பிழையை ஈடுசெய்யும் கருவிகளைப் பொருத்தினர். தெளிந்த படம் வந்தபோது ஸ்பிட்சருக்கு வயது 79.

1997 மார்ச் 31 அன்று வழக்கம்போல் பகல் முழுதும் பணியாற்றிய பின் அவர் மறைந்தார். 2003-இல் ஏவப்பட்ட அகச்சிவப்புத் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி 2020 வரை பணிபுரிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தவன் நானே முதல்வன். பட்டத்துடன் வேலைக்குப் போவதா, முதுகலை படிப்பதா என்பது வீட்டில் இன்னும் முடியாத பேச்சு. பலன் எப்போது என்று அப்பா கேட்கிறார். ஸ்பிட்சருக்கு இருந்த வாய்ப்புகள் எனக்கில்லை. அவர் கேள்வியில் தவறுமில்லை. ஆனால் கனவுக்கும் ஏவுதலுக்கும் இடையே 44 ஆண்டுகள் காத்த அந்த மனிதரைப் பற்றி அன்றிரவு சொன்னபோது, அப்பா நெடுநேரம் பேசவில்லை. ஏரிக்கரையில் ஆண்டுதோறும் பனங்கொட்டை ஊன்றுபவர் அவர். அவற்றின் நுங்கைத் தாம் தின்போமா என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடம் சென்று, நான்காம் முறையாகப் பிளவைச் சரிசெய்தேன். கோடு கம்பியில் நின்றது.