லின்டன் பி. ஜான்சன்

லின்டன் பெய்ன்ஸ் ஜான்சன் (ஆகஸ்டு 27, 1908 – ஜனவரி 22, 1973) ஐக்கிய அமெரிக்காவின் 36 ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். 1963 முதல் 1969 வரை இப்பதவியில் இருந்தார். டெக்சஸ் மாநிலத்தில் கடனில் நொடித்துப்போன ஒரு குடும்பத்தில் வளர்ந்த இவர், பள்ளி ஆசிரியர், காங்கிரசு உறுப்பினரின் செயலர், பிரதிநிதிகள் அவை உறுப்பினர், செனட் அவை உறுப்பினர், செனட் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர் எனப் படிப்படியாக உயர்ந்தார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். 1948 இல் 87 வாக்குகள் வேறுபாட்டில் இவர் பெற்ற வெற்றி, அமெரிக்க வரலாற்றில் மிகுந்த சர்ச்சைக்குள்ளான தேர்தல் முடிவுகளுள் ஒன்றாகும். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பாதுகாக்கும் 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இவரே.

பிறப்பும் குடும்பமும்

ஜான்சன் டெக்சஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டோன்வால் என்னும் ஊருக்கு அருகே, பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில் இருந்த பண்ணை வீட்டில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் இவரே மூத்தவர். தந்தை சாம் ஈலி ஜான்சன், தாய் ரெபெக்கா பெய்ன்ஸ். இப்பகுதி சுண்ணாம்புக் கல் நிறைந்த மேட்டு நிலமாகும். மேல்மண் ஆழமற்றது, மழையும் நம்பத்தக்கதன்று. 1913 இல் குடும்பம் அருகிலுள்ள ஜான்சன் சிட்டி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வூர் இவர்களது உறவினர் ஒருவரின் பெயரால் அமைந்ததாகும்.

தந்தை டெக்சஸ் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் செல்வாக்குடன் விளங்கிய காலத்தில் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் வாக்குச் சேகரிக்கச் செல்லும்போதும் சட்டமன்றத்திற்குச் செல்லும்போதும் சிறுவன் லின்டன் உடன் சென்றதுண்டு. முதல் உலகப் போருக்குப் பின்னர் தந்தை குடும்பத்தின் பழைய பண்ணையை உயர்ந்த விலைக்கு வாங்கினார். பருத்தி விலை வீழ்ந்ததால் சில ஆண்டுகளிலேயே அதனை இழந்து, பெருங்கடனாளி ஆனார். ஊரில் மதிப்புடன் வாழ்ந்த குடும்பம், கடைகளில் கடன் மறுக்கப்படும் நிலைக்குத் தாழ்ந்தது. இவ்வீழ்ச்சியே ஜான்சனின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த பதவி வேட்கைக்கும், தோல்வி பற்றிய அச்சத்திற்கும் வித்திட்டது என அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கருதுகின்றனர்.

கல்வி

ஜான்சன் 1924 இல், தமது 15 ஆம் வயதில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரியில் சேர வேண்டும் என்ற தாயின் விருப்பத்தை ஏற்காமல் நண்பர்களுடன் கலிபோர்னியாவுக்குச் சென்றார். அங்கு உறவினர் ஒருவரின் வழக்கறிஞர் அலுவலகத்தில் சிறிது காலம் பணிபுரிந்தார். ஊர் திரும்பிய பின்னர் சாலை போடும் பணியில் கூலியாளாக உழைத்தார். இறுதியில் 1927 இல் சான் மார்க்கோஸ் நகரிலிருந்த தென்மேற்கு டெக்சஸ் மாநில ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்புச் செலவுக்காகக் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்தார். விரைவில் கல்லூரித் தலைவர் சீசில் எவன்சின் அலுவலக உதவியாளராகி, அவரது நம்பிக்கைக்குரியவரானார். விளையாட்டு வீரர்களின் குழு ஒன்றிடம் இருந்த மாணவர் மன்றத்தின் ஆதிக்கத்தை, போட்டிக் குழு ஒன்றின் மூலம் கைப்பற்றவும் வழிவகுத்தார். செல்வாக்குள்ள மூத்த ஒருவரின் அன்பைப் பெற்று, அவர் வழியாகத் தாமும் செல்வாக்குப் பெறும் இம்முறை பின்னாளில் ஜான்சனின் அரசியல் வளர்ச்சி நெடுகிலும் காணப்படுகிறது.

கொட்டூலா பள்ளி

பணத்தட்டுப்பாட்டால் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திய ஜான்சன், 1928–29 கல்வி ஆண்டில் மெக்சிக்கோ எல்லையை அண்மித்த கொட்டூலா நகரில் வெல்ஹவுசன் பள்ளியின் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றினார். அது மெக்சிக்க வழிவந்த குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட தனிப்பள்ளி. மாணவர்களின் பெற்றோர் பெரும்பாலும் வறுமையில் வாடிய பண்ணைத் தொழிலாளர்கள். பல குழந்தைகள் காலை உணவின்றியே பள்ளிக்கு வந்தனர்.

ஜான்சன் தமது முதல் சம்பளத்தில் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்கினார். விளையாட்டுக் குழுக்களையும் பேச்சுப் போட்டிகளையும் ஏற்படுத்தினார். பள்ளி வளாகத்தில் ஆங்கிலமே பேச வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். 1965 மார்ச்சு மாதத்தில் வாக்குரிமைச் சட்டத்திற்காக நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றியபோது இப்பள்ளியின் மாணவர்களையே அவர் நினைவுகூர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

வாஷிங்டனில் செயலர் பணி

1930 இல் ஹென்லி என்னும் ஊரில் நடந்த அரசியல் கூட்டம் ஒன்றில், முன்னாள் ஆளுநர் பாட் நெஃப் சார்பில் பேச எவரும் முன்வராதபோது, ஜான்சன் தாமாக எழுந்து பேசினார். அதனைக் கேட்ட வெல்லி ஹாப்கின்ஸ் என்னும் வேட்பாளர், மாநிலச் செனட் தேர்தலில் தமது பரப்புரைக்கு ஜான்சனைத் துணையாகக் கொண்டார். ஹாப்கின்ஸ் வெற்றி பெற்றார். அதே ஆண்டு பட்டம் பெற்ற ஜான்சன், ஹூஸ்டன் நகரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பேச்சுக்கலை ஆசிரியரானார்.

1931 இன் இறுதியில் இடைத்தேர்தலில் வென்று காங்கிரசுக்குச் சென்ற ரிச்சர்ட் க்ளேபர்க், ஹாப்கின்சின் பரிந்துரையின் பேரில் ஜான்சனைத் தமது செயலராக அமர்த்தினார். க்ளேபர்க் பெரும் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த செல்வர். அலுவலகப் பணிகளில் ஆர்வம் குறைந்தவர். எனவே தொகுதி மக்களின் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவது முதல் அரசு அலுவலகங்களில் காரியங்களை முடிப்பது வரை அனைத்தும் 23 வயது ஜான்சனிடம் வந்து சேர்ந்தன. பெருமந்த நிலையால் விலைவீழ்ச்சி, கடன், வேலையின்மை ஆகியவற்றில் சிக்கியிருந்த மக்களுக்கு அரசுத் துறைகளின் வழியாக உதவி பெற்றுத் தருவதில் அவர் தேர்ச்சி பெற்றார்.

அக்காலத்தில் காங்கிரசு செயலர்கள் பலர் டாட்ஜ் விடுதியில் தங்கியிருந்தனர். ஜான்சன் அங்கு வந்த தொடக்க நாட்களில், மற்றவர்களுடன் பேசிப் பழகும் பொருட்டு, பொதுக் குளியலறைக்குப் பலமுறை சென்று மீண்டும் மீண்டும் குளித்ததாகக் கூறப்படுகிறது. 1933 இல், செயலர்களின் மன்றமான சிறிய காங்கிரசின் அவைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

திருமணமும் முதல் தேர்தலும்

1934 இல் கிளாடியா டெய்லர் என்னும் பெண்ணைச் சந்தித்த ஜான்சன், முதல் நாளிலேயே திருமண விருப்பத்தைத் தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று இருவரும் மணந்துகொண்டனர். லேடி பேர்ட் என்ற செல்லப்பெயராலேயே அவர் அறியப்படுகிறார். இவர்களுக்கு இரு மகள்கள் பிறந்தனர்.

1935 இல், வேலையற்ற இளைஞர்களுக்கான தேசிய இளைஞர் நிர்வாகம் என்னும் அமைப்பின் டெக்சஸ் மாநில இயக்குநராக ஜான்சன் நியமிக்கப்பட்டார். தந்தையுடன் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவரும் பின்னாளில் பிரதிநிதிகள் அவைத் தலைவரானவருமான சாம் ரேபர்ன் இதற்கு உதவினார். அப்போது ஜான்சனுக்கு வயது 26. நாட்டிலேயே மிக இளைய மாநில இயக்குநர் அவரே. நெடுஞ்சாலை ஓரங்களில் ஓய்வுப் பூங்காக்கள் அமைக்கும் திட்டத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை அளித்தார். கறுப்பின இளைஞர்களுக்கும் நிதி கிடைக்கச் செய்தார்.

1937 பெப்ரவரியில் டெக்சசின் 10 ஆவது தொகுதி உறுப்பினர் ஜேம்சு புக்கானன் இறந்ததால் இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஜான்சன் உடனே பதவியைத் துறந்து களமிறங்கினார். லேடி பேர்ட் தமக்குச் சேர வேண்டிய பரம்பரைச் சொத்திலிருந்து 10,000 டாலரைத் தந்தையிடம் பெற்றுக் கொடுத்தார். ஆஸ்டின் நகர வழக்கறிஞர் ஆல்வின் வர்ட்ஸ் ஆலோசகராக விளங்கினார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட்டின் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜான்சன் அதனை முழுமையாக ஆதரிப்பதாக அறிவித்து, தம்மை ரூசவெல்ட்டின் ஆளாகவே முன்னிறுத்தினார். வாக்குப்பதிவுக்கு இரு நாட்களுக்கு முன்னர் குடல்வால் அழற்சிக்காக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டார். ஏறத்தாழ 28 விழுக்காடு வாக்குகளுடன் ஏப்ரல் 10 அன்று வெற்றி பெற்ற செய்தி மருத்துவமனையில் அவரை எட்டியது. அடுத்த மாதம் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ரூசவெல்ட்டைச் சந்தித்து, அவரது அன்பைப் பெற்றார்.

அணையும் மின்சாரமும்

ஜான்சனின் தொகுதியில் பண்ணை வீடுகளில் மின்சாரம் இல்லை. பெண்கள் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சுமந்தனர். விறகடுப்பில் காய்ச்சிய இரும்புப் பெட்டியால் துணி தேய்த்தனர். வீடுகள் தொலைவில் சிதறிக் கிடந்ததால் கம்பி இழுப்பது ஆதாயம் தராது எனத் தனியார் நிறுவனங்கள் மறுத்தன. ஊரக மின்மயமாக்கல் நிர்வாகமும் குறைந்தபட்ச வீட்டு எண்ணிக்கையை வலியுறுத்தியது. ஜான்சன் நேரில் ரூசவெல்ட்டை அணுகி விதிவிலக்குப் பெற்றார். 1938 இல் பெடர்னாலிஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கடன் கிடைத்தது. அடுத்த ஆண்டு முதல் வீடுகளில் விளக்கெரியத் தொடங்கியது.

டெக்சசில் பாயும் கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த மார்ஷல் ஃபோர்டு அணைக்குத் தேவையான ஒப்புதலையும் நிதியையும் பெற்றுத் தந்தார். அணையைக் கட்டிய ப்ரவுன் அண்ட் ரூட் நிறுவனம் இதனால் பெரும் பயன் அடைந்தது. அந்நிறுவனத்தின் உரிமையாளர்கள் தொடர்ந்து ஜான்சனின் தேர்தல் செலவுகளுக்குத் துணைநின்றனர். ஒரே பணி ஏழைகளுக்கு விளக்கையும் அவருக்குத் தேர்தல் நிதியையும் கொண்டுவந்தது.

1941 தோல்வி

1941 இல் செனட் உறுப்பினர் மோரிஸ் ஷெப்பர்டு இறந்ததால் நடைபெற்ற இடைத்தேர்தலில் ஜான்சன் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் வானொலி வழியாகப் புகழ்பெற்ற மாநில ஆளுநர் லீ ஓ'டேனியல். முதல் நாள் எண்ணிக்கையில் ஜான்சன் முன்னணியில் இருந்தார். அவரது ஆதரவாளர்கள் தங்கள் பகுதி முடிவுகளை முன்னதாகவே வெளியிட்டுவிட்டதால், எத்தனை வாக்குகள் தேவை என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்துபோயிற்று. தாமதமாக வந்த கிழக்கு டெக்சஸ் முடிவுகளால் 1,311 வாக்குகளில் தோல்வியடைந்தார்.

போர் தொடங்கியதும் ஜான்சன் கடற்படை அலுவலராகப் பணியில் சேர்ந்தார். 1942 சூனில் நியூ கினியில் ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பார்வையாளராகப் பறந்ததற்கு அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. இப்பதக்கத்தின் தகுதி பற்றி ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன. 1943 இல் லேடி பேர்ட் 17,500 டாலருக்கு ஆஸ்டினில் ஒரு வானொலி நிலையத்தை வாங்கினார். குடும்பத்தின் செல்வத்திற்கு அதுவே அடித்தளமாயிற்று.

1948 தேர்தல்

1948 இல் ஜான்சன் மீண்டும் செனட் பதவிக்கு முயன்றார். அக்கால டெக்சசில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெல்பவரே பொதுத்தேர்தலிலும் வெல்வது வழக்கம். முன்னாள் ஆளுநர் கோக் ஸ்டீவன்சன் முதல் சுற்றில் 71,000 வாக்குகளுக்கு மேல் முன்னிலை பெற்றார். எனினும் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்குகள் கிடைக்காததால் இரண்டாம் சுற்று தேவைப்பட்டது. பரப்புரையின்போது ஜான்சன் ஊர்ஊராக உலங்கு வானூர்தியில் இறங்கினார். அதனைப் பார்க்கவே மக்கள் திரண்டனர்.

ஆகஸ்டு 28 இல் நடைபெற்ற இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 10 இலட்சம் வாக்குகள் பதிவாயின. பல நாட்கள் முன்னிலை மாறிமாறி வந்தது. ஆறு நாட்களுக்குப் பின்னர், ஜிம் வெல்ஸ் மாவட்டத்தின் ஆலிஸ் நகரில் 13 ஆம் எண் வாக்குப்பெட்டியின் கணக்கில் மேலும் 202 வாக்குகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 200 ஜான்சனுக்கு உரியவை. பட்டியலைப் பார்த்தவர்கள், கடைசியாகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகரவரிசையில் இருந்ததாகக் கூறினர். அப்பகுதி ஜார்ஜ் பார் என்னும் அரசியல் தலைவரின் பிடியில் இருந்தது. இறுதி முடிவில் ஜான்சன் 87 வாக்குகளில் முந்தினார்.

கட்சியின் மாநிலக் குழு 29க்கு 28 என்ற கணக்கில் இம்முடிவை ஏற்றது. ஸ்டீவன்சன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். ஜான்சனின் வழக்கறிஞர் ஏப் ஃபோர்ட்டஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக்கை அணுகி அத்தடையை நீக்கச் செய்தார். அத்துடன் விசாரணையும் நின்றது. 13 ஆம் பெட்டியின் தேர்தல் அலுவலராக இருந்தவர், அவ்வாக்குகள் பொய்யானவை என 1977 இல் ஒப்புக்கொண்டார். ஸ்டீவன்சன் தரப்பிலும் முறைகேடுகள் நடந்தன என வாதிடுவோரும் உளர்.

செனட் தலைமை

செனட் அவையில் ஜான்சன் தென்மாநில உறுப்பினர்களின் தலைவரான ரிச்சர்டு ரசலின் நம்பிக்கையைப் பெற்றார். 1951 இல் கட்சிக் கொறடா, 1953 இல் சிறுபான்மைக் கட்சித் தலைவர், 1955 இல் தமது 46 ஆவது வயதில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் என விரைந்து உயர்ந்தார். ஒவ்வோர் உறுப்பினரின் தேவை, அச்சம், விருப்பம் ஆகியவற்றை அறிந்து வைத்திருந்தார். ஆறடி மூன்று அங்குலத்திற்கும் மேற்பட்ட உயரமுடைய அவர், எதிரில் இருப்பவர் மீது சாய்ந்து, கையைப் பற்றி, இடைவிடாது பேசி இணங்க வைக்கும் முறை பெயர்பெற்றது. 1955 சூலையில் கடும் மாரடைப்புக்கு உள்ளாகி மீண்டார்.

காங்கிரசில் தமது முதல் இருபது ஆண்டுகளில் ஜான்சன் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைக்கான சட்டமுன்வரைவுகளை எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் தென்மாநிலத் தலைவராக மட்டும் அறியப்படுபவர் குடியரசுத் தலைவராக இயலாது என்பதை உணர்ந்திருந்தார். 1957 இல், 1875 க்குப் பின்னர் முதன்முறையாக ஒரு குடிமை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார். தென்மாநிலத்தவரின் இசைவுக்காக அதன் முக்கிய பிரிவுகள் வலுவிழக்கச் செய்யப்பட்டிருந்தன.

குடியரசுத் தலைவர் பதவி

1960 இல் கட்சி வேட்பாளர் போட்டியில் ஜான் எஃப். கென்னடியிடம் தோற்ற ஜான்சன், அவருடன் துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பர் 22, 1963 இல் கென்னடி கொல்லப்பட்டதும் குடியரசுத் தலைவரானார். 1964 இல் குடிமை உரிமைச் சட்டத்தையும், 1965 இல் வாக்குரிமைச் சட்டத்தையும், முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் நிறைவேற்றினார். 1964 தேர்தலில் 61 விழுக்காடு வாக்குகள் பெற்றார். ஆயினும் வியட்நாம் போரை அவர் விரிவாக்கியதால் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அங்கு நிறுத்தப்பட்டனர். நாடெங்கும் எதிர்ப்பு வலுத்த நிலையில், மார்ச்சு 31, 1968 இல் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என அறிவித்தார். பெடர்னாலிஸ் ஆற்றங்கரைப் பண்ணைக்குத் திரும்பி, 1973 இல் மாரடைப்பால் காலமானார்.

மதிப்பீடு

ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியுள்ள ராபர்ட் காரோ, அவரது பதவி வேட்கையையும் 1948 தேர்தல் முறைகேட்டையும் கடுமையாக ஆராய்ந்துள்ளார். ராபர்ட் டாலெக் போன்றோர் அவரது சமூகப் பணிகளுக்குக் கூடுதல் இடமளிக்கின்றனர். கொட்டூலா மாணவர்கள் மீது ஜான்சன் காட்டிய பரிவு உண்மையானது என்பதில் இரு தரப்பினரும் உடன்படுகின்றனர். அதனைச் சட்டமாக்கும் வலிமை அவருக்குக் கிடைத்தது பதவியால். அப்பதவிக்கான பாதையோ 13 ஆம் பெட்டியின் வழியாகச் சென்றது. எனவே அவரை மதிப்பிடுவோர் இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பேச இயல்வதில்லை.